பொதுச் சுவர்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வரிசையில்
இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்.
அவர்கள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல்.
நான் ஆணி அடித்தால் அவர்கள் காலண்டர் விழும்.

மொபேனி ரொட்டி ஆலையில் எனக்கு இரவு வேலை.
விடிந்து வந்து, குளித்து, துணி காயப்போட்டு
கண் மூடுகையில் பன்னிரண்டாகிவிடும்.
இரண்டரைக்குப் பள்ளி விட்டு வருவான்
பக்கத்து வீட்டு பிரெஷன்.
பை விழும். நாற்காலி இழுபடும்.
பிறகு அந்த இசை.

முதல் வாரம் சுவரைக் குத்தினேன்.
இரண்டாம் வாரம் காதில் பஞ்சு.
மூன்றாம் வாரம்
பஞ்சை எடுத்துவிட்டேன்.

ஒரு குழல், அதற்கும் பின்னால் எங்கோ தந்திகள்.
அதைக் கடல் என்று வைத்துக்கொண்டேன்.
தூக்கத்தில் கடலாகவே வந்தது:
முழங்கால் ஆழம், பச்சை,
ஈர மணலில் நண்டு கிழித்த கோடுகள்.
அவன் அங்கே எதையும் வெட்டுவதில்லை, எடுப்பதில்லை,
சும்மா நடப்பான். அரை மணி நேரம்கூட.
நானும் நடப்பேன்.

குழல் நின்று மணி ஒலித்தால் கிணறு.
மணிக்கடியில் ஏதோ உறுமத் தொடங்கினால்
யாரோ பின்னால் வருகிறார்கள்.
கனவில் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.
எத்தனை அடி தள்ளி என்று
முதுகுக்குத் தெரியும்.

அப்புறம் முரசு. வாசல் காப்பவன்.
ஐந்து அடி, ஒரு மௌனம்.
ஐந்து அடி, ஒரு மௌனம்.
மூன்றாம் சுற்றில் நான்குதான்.
ஐந்தாவது விழவேண்டிய இடத்தில்
மூன்று சுரங்கள் படியிறங்கும்:
பையன் செத்துவிட்டான்.
ஒரு நாளைக்கு இருபது முறை செத்தான்.
இருபது முறையும் விழித்தேன்.

ஆலையில் பெல்ட்டும் இப்படித்தான்.
ரொட்டித் தகரங்கள் ஐந்தைந்தாக வரும்,
திடீரென்று ஒன்று குறையும்.
கண்ணால் எண்ணுகிறவளுக்கு விரல் சுடும்.
பத்தொன்பது வருஷமாக
நான் காதால் எண்ணுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை லோட்ஷெடிங்.
இரண்டாம் சுற்றின் மூன்றாம் அடியில்
மின்சாரம் போனது.
பாதியில் நின்ற தாளத்தோடு யாரால் தூங்க முடியும்?
நைட்டியோடு வெளியே வந்தேன்.
படியில் உட்கார்ந்திருந்தான்.
"சாரி ஆன்ட்டி, சத்தமா வெச்சுட்டேனா?"

"மூணாம் சுத்துல ஏன் அஞ்சு வரைக்கும் நிக்கிறே?"

வாயைத் திறந்தான், மூடினான்.
வேலிக் கம்பியில் தட்டிக் காட்டினேன்.
"அவன் அஞ்சாவதை முரசுல அடிக்கிறதில்லை.
உன் மேல அடிக்கிறான். நாலுலேயே குதி."

"நீங்களும் விளையாடுவீங்களா ஆன்ட்டி?"

"நான் தூங்குவேன்."

நாலரைக்கு விளக்கு வந்தது.
படுக்கையில் உட்கார்ந்தபடி எண்ணினேன்.
ஐந்து. ஐந்து. நான்கு.
ஐந்தாவது இடம்
காலியாகக் கடந்து போனது.
அதற்குப் பிறகு வந்தது
பத்து மாதத்தில் நான் கேட்டிராத ஒன்று,
நிறையக் குரல்கள், சொல்லே இல்லாமல்.
சுவரில் அவன் கை அறைந்த சத்தத்தில்
அதன் தொடக்கம் சரியாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கூப்பிட்டான், பார்க்க.
அவன் அம்மா தேநீர் வைத்தாள், என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
திரையில் குழல் வந்தது, தந்திகள் வந்தன.
செம்மண். வானம் வரை செம்மண்.
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
நடுவில் துணி சுற்றிய சின்ன உருவம் ஒன்று.
"இதுதான் ஆன்ட்டி எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.
இங்கே வேலையே இல்லை. பாட்டுக்காக வருவேன்."

நன்றாக இருக்கிறது என்றேன்.
தேநீரில் சர்க்கரை அதிகம், அதைச் சொல்லவில்லை.
கடலையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரண்டரை.
பை விழுந்தது. நாற்காலி இழுபட்டது.
குழல் தொடங்கியதும்
கண்ணைத் திறக்காமலே
நைட்டியின் ஓரத்தை
முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டேன்.